மனநலத் துறையினருக்கு வெளிநாட்டு பி.ஆர்.: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது?

கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல் பக்கத்தில் உளவியலோ மனநலச் செவிலியமோ சமூகப் பணியோ படித்துவிட்டு, வெளிநாட்டில் நிரந்தர வசிப்புரிமை (பி.ஆர்.) பெற்றுக் குடியேற நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொடக்கம் முதல் முடிவு வரை இந்த வேலையைச் செய்து பார்த்திருக்கிறேன். பிறகு வந்தவர்களின் கோப்புகளையும் பார்த்துக் கொடுத்து வருகிறேன். தகுதி இல்லாமல் நின்றுபோனவர்கள் சிலர்தான். தகுதி இருந்தும் வரிசை தவறியதால் பணத்தையும், விசாத் தேர்வில் வயதுக்காகத் தரும் புள்ளிகளையும் இழந்தவர்களே அதிகம்.

பெரும்பாலோர் ஐஇஎல்டிஎஸ் பயிற்சி வகுப்பில் சேர்ந்து இந்த வேலையைத் தொடங்குகிறார்கள். இந்த வழிகாட்டியில் அது ஆறாவது படி. காரணம் அங்கே வரும்.

1. உங்கள் தொழிலின் பெயரை முடிவு செய்யுங்கள்

நாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் இதை முடித்தாக வேண்டும். பட்டத்தை மட்டும் பார்த்து எவரும் விசா கொடுப்பதில்லை. அந்த நாட்டின் தொழில் பட்டியலில் ஒரு பெயர் இருக்கும், அதற்கு ஓர் எண் இருக்கும். உங்கள் படிப்பும் வேலையும் அந்த எண்ணுக்குள் அடங்குகின்றனவா என்பதுதான் கேள்வி.

கனடாவில் உளவியலாளருக்கு 31200, பதிவுபெற்ற செவிலியருக்கு 31301, சமூகப் பணியாளருக்கு 41300, ஆலோசனை சார்ந்த சிகிச்சையாளருக்கு 41301. ஆஸ்திரேலியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்கு 272311, மனநலச் செவிலியருக்கு 254422, சமூகப் பணியாளருக்கு 272511, மனநல மருத்துவருக்கு 253411. அந்தந்த எண்ணின் கீழ் கொடுத்திருக்கும் பணி விவரத்தை அரசு இணையதளத்தில் முழுவதும் படியுங்கள். நீங்கள் அன்றாடம் செய்யும் வேலையோடு அது பெரும்பகுதி ஒத்துப்போக வேண்டும்.

நம் பகுதியில் அடிக்கடி பார்க்கும் சிக்கல் ஒன்று உண்டு. எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர்களில் பலர் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் நூற்பாலைகளிலும் நலன் அலுவலராகவோ மனிதவளப் பிரிவிலோ சேர்ந்துவிடுகிறார்கள். பட்டம் சமூகப் பணிப் பட்டம்தான். ஆனால் வருகைப் பதிவேடு, சம்பளம், தொழிலாளர் புகார் என்று ஓடிய ஐந்து ஆண்டுகள் சமூகப் பணியாளர் எண்ணில் அனுபவமாக எண்ணப்படுவதில்லை. அப்படி இருப்பவர்கள் மனநல மருத்துவமனை, போதை மறுவாழ்வு மையம், மாவட்ட மனநலத் திட்டம் போன்ற இடத்தில் ஓராண்டாவது முழுநேரம் வேலை பார்த்துவிட்டுப் பிறகு விண்ணப்பிப்பது நல்லது.

எம்.எஸ்சி. உளவியல் மட்டும் படித்தவர்களும் இங்கே நிதானிக்க வேண்டும். இளங்கலை மூன்று, முதுகலை இரண்டு என்று நம் கணக்கு ஐந்து ஆண்டுகள். ஆஸ்திரேலியாவில் உளவியலாளராகப் பதிவுசெய்ய மேற்பார்வைப் பயிற்சியும் சேர்த்து ஆறு ஆண்டுத் தொடர் கேட்கிறார்கள். கனடாவின் பல மாகாணங்களில் உளவியலாளர் என்ற பெயரில் பணியாற்ற முனைவர் படிப்பே வேண்டும். எனவே எம்.எஸ்சி.யோடு நிற்பவர்கள் ‘உளவியலாளர்’ எண்ணைப் பிடித்துத் தொங்காமல், ஆலோசகர் எண்ணில் என்ன வழி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இந்திய மறுவாழ்வுக் குழுமமான ஆர்.சி.ஐ.யின் அங்கீகாரத்துடன் எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி முடித்தவர்களின் நிலை வேறு. அதை 4ஆம் படியில் சொல்கிறேன்.

2. உரிமம் முதலா, விசா முதலா? நாட்டுக்கு நாடு வேறு

தொழில் செய்யும் உரிமத்தை ஒரு வாரியம் கொடுக்கிறது. வசிக்கும் உரிமையைக் குடிவரவுத் துறை கொடுக்கிறது. ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வந்துவிடாது. இரண்டில் எது முந்தி வர வேண்டும் என்பதுதான் நாட்டுக்கு நாடு மாறுகிறது.

ஆஸ்திரேலியாவில் திறன் மதிப்பீடுதான் முதல் வாசல். உளவியலாளரை ஆஸ்திரேலிய உளவியல் சங்கமும், செவிலியரை ஆன்மாக் என்ற செவிலியர் மதிப்பீட்டு அமைப்பும், சமூகப் பணியாளரை ஆஸ்திரேலியச் சமூகப் பணியாளர் சங்கமும், ஆலோசகரை வெட்டசெஸ் என்ற பொது மதிப்பீட்டு அமைப்பும் மதிப்பிடுகின்றன. அந்தக் கடிதம் கையில் இல்லாமல் புள்ளி அடிப்படையிலான விசாவுக்கு அழைப்பே வராது. 1ஆம் படியில் ஆஸ்திரேலிய எண் சொன்ன நான்கு தொழில்களுக்கும் 189, 190, 491 என்ற எண்களைக் கொண்ட மூன்று விசாக்களும் திறந்திருக்கின்றன. ஆலோசகருக்கு, மாநிலப் பரிந்துரை தேவைப்படாத 189 கிடையாது. ஒரு மாநிலம் பரிந்துரைத்தால் 190 அல்லது 491 உண்டு. இவற்றில் 491 தற்காலிக விசா. குறிப்பிட்ட வட்டாரத்தில் மூன்று ஆண்டுகள் வாழ்ந்து, வரிக் கணக்கும் காட்டிய பிறகுதான் 191 என்ற நிரந்தர விசாவுக்குப் போக முடியும். மெல்போர்னிலோ சிட்னியிலோ உறவினர் வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்று 491 வாங்குவது கூடாது. அந்த நகரங்கள் அந்த வட்டாரத்தில் சேராதவை.

கனடாவில் வரிசை தலைகீழ். உரிமம் இல்லாமலேயே எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற புள்ளி அடிப்படையிலான முறை வழியாக பி.ஆர். பெறலாம், பட்டம் கனடியப் பட்டத்துக்குச் சமம் என்று வெஸ் போன்ற ஓர் அமைப்பின் மதிப்பீடு இருந்தால் போதும். 2023 முதல் தொழில்வாரியாகத் தனி அழைப்புச் சுற்றுகள் நடக்கின்றன. 2025இல் சுகாதாரப் பிரிவோடு சமூக சேவைத் தொழில்களையும் சேர்த்தார்கள். உளவியலாளர், செவிலியர், சமூகப் பணியாளர், ஆலோசனைச் சிகிச்சையாளர் நால்வரும் அதற்குள் வருகிறார்கள். ஆனால் பி.ஆர். அட்டையோடு டொராண்டோவில் இறங்கிய பிறகும், ஒன்டாரியோவின் உளவியல் சிகிச்சையாளர் வாரியத்தில் பதிவில்லாமல் அந்தப் பெயரில் வேலை பார்க்க முடியாது. இதை அறியாமல் போய், வந்த வேலையைப் பார்த்துக்கொண்டு ஆண்டுகளைக் கழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். உரிமத்துக்கான ஆவணங்களை இங்கிருக்கும்போதே திரட்டுங்கள். அங்கே போன பிறகு பல்கலைக்கழகத்தின் மூன்றாவது மாடிக்கு யாரை அனுப்புவீர்கள்?

நியூசிலாந்தில் உரிமமும் வேலை வாய்ப்புக் கடிதமும் இரண்டும் வேண்டும். இரண்டும் இருந்தால் மனநல மருத்துவர், உளவியலாளர், செவிலியர் ஆகியோர் பசுமைப் பட்டியல் என்ற பற்றாக்குறைத் தொழில் பட்டியலின் முதல் அடுக்கில் நேரடியாக வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு 55 என்பதால், ஆஸ்திரேலியாவின் 45ஐத் தாண்டியவர்களுக்கு இது நல்ல வழி.

பிரிட்டனில் வாரியப் பதிவு, பிறகு விசா கொடுக்க உரிமம் பெற்ற நிறுவனத்தில் வேலை, பிறகு சுகாதாரப் பணியாளர் விசா, அதன்பின் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு. ஐந்து ஆண்டுகளில் நிரந்தரம் என்றிருந்த முறையைப் பத்தாக நீட்டும் திட்டத்தை அந்த அரசு 2025இல் வெளியிட்டது. நிரந்தரம் மட்டுமே நோக்கம் என்றால் பிரிட்டனை முதல் தேர்வாக வைக்காதீர்கள். செவிலியருக்கு மட்டும் வேறொரு கணக்கு உண்டு. பிரிட்டனில் பதிவுபெற்றுப் போதிய நேரம் பணியாற்றியவர்களுக்கு ஆஸ்திரேலியச் செவிலியர் வாரியம் 2025இல் விரைவுப் பாதை ஒன்றைத் திறந்தது. இந்தியப் பதிவு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அது இல்லை. அவர்கள் என்கிளெக்ஸ் என்ற செவிலியர் தகுதித் தேர்வும் அடிலெய்டில் செய்முறைத் தேர்வும் எழுத வேண்டியிருக்கலாம்.

3. பெயர் ஒன்றாக இருக்கட்டும்

சிறிய வேலை போலத் தெரியும். நம் ஊர்க் கோப்புகள் அதிகம் தேங்கி நிற்பது இதில்தான்.

மதிப்பெண் பட்டியலில் ‘கவிதா எஸ்’ என்றிருக்கும். பாஸ்போர்ட்டில் ‘கவிதா சுப்பிரமணியம்’. செவிலியர் குழுமப் பதிவில் ‘எஸ். கவிதா’. திருமணத்துக்குப் பின் எடுத்த ஆதாரில் கணவர் பெயரின் முதல் எழுத்து. நமக்கு இவை நான்கும் ஒரே ஆள். முன்னெழுத்து வழக்கத்தை அறியாத அதிகாரிக்கு நான்கு ஆள்.

முதலில் பாஸ்போர்ட்டைச் சரிசெய்யுங்கள். தந்தை பெயரையோ கணவர் பெயரையோ விரித்து எழுதி, குடும்பப் பெயர் கட்டத்தையும் நிரப்பி வாங்குங்கள். மற்ற எல்லாமே பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் பதிவாகும். ஆங்கிலத் தேர்வுக்கும் அதே பெயர்தான். பிறகு இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் எடுங்கள். நான்கு வடிவங்களையும், எந்த ஆவணத்தில் எது இருக்கிறது என்பதையும் அதில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பொதுவாக ‘பல பெயர்களில் அறியப்படுகிறேன்’ என்று எழுதினால் பயனில்லை. குடும்பப் பெயர் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட்டோடு கனடாவுக்கு விண்ணப்பித்தே ஆக வேண்டும் என்றால், முழுப்பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி மற்றதைக் காலியாக விட வேண்டும்.

4. பல்கலைக்கழக ஆவணங்கள்

காலம் அதிகம் பிடிப்பது இது. அதனால்தான் தேர்வுக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.

முதலில், உங்களுக்குப் பட்டம் கொடுத்தது யார் என்று தெளிவாகுங்கள். தன்னாட்சிக் கல்லூரியில் படித்திருந்தால் மதிப்பெண் பட்டியலில் கல்லூரித் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் கையொப்பம் இருக்கும். பட்டம் பாரதியார் அல்லது பெரியார் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கும். எல்லாப் பருவ மதிப்பெண்களையும் தொகுத்த டிரான்ஸ்கிரிப்டை யார் முத்திரையிட்டு அனுப்ப வேண்டும் என்று மதிப்பீட்டு அமைப்பின் தளத்தில் பார்த்து, அதை அச்செடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போங்கள். வாய்மொழியாகக் கேட்டால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். செவிலியம் படித்தவர்களுக்கு இது சென்னை வேலை; கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு செவிலியர் குழுமமும் சென்னையில்தான். சேரன் எக்ஸ்பிரஸிலோ ஏற்காடு எக்ஸ்பிரஸிலோ இரவில் ஏறினால் காலையில் போய்ச் சேரலாம். இரண்டு இடத்து விண்ணப்பங்களையும் முன்கூட்டியே நிரப்பி, ஒரே பயணத்தில் கொடுத்துவிடுங்கள்.

கேட்க வேண்டியவை: பருவவாரி டிரான்ஸ்கிரிப்ட், பட்டமளிப்புச் சான்றிதழ், நீங்கள் படித்த ஆண்டுக்குரிய பாடத்திட்டம், களப்பணி அல்லது மருத்துவமனைப் பயிற்சி நேரத்தைக் குறிப்பிடும் கடிதம். தற்காலிகச் சான்றிதழ் பெரும்பாலும் செல்லாது. பட்டமளிப்பு விழாவுக்குப் போகாமல் விட்டவர்கள் முதலில் பட்டமளிப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்.

பயிற்சி நேரக் கடிதம்தான் மனநலத் துறையினருக்கு உயிர்நாடி. மதிப்பெண் பட்டியலில் ‘களப்பணி – 82’ என்று ஒரே வரியாக இருக்கும். அது எந்த மருத்துவமனை, எத்தனை மணிநேரம், யார் மேற்பார்வை செய்தார்கள், அவருடைய தகுதி என்ன என்பதெல்லாம் அதில் தெரியாது. துறைத் தலைவரிடம் கல்லூரியின் முகப்புத்தாளில் இவற்றை எழுதி வாங்குங்கள். உங்கள் லாக் புக் இருந்தால் அதைப் பார்த்தே அவர் எழுதிக் கொடுத்துவிடுவார். துறைத் தலைவர் மாறுவதற்கு முன், மேற்பார்வையாளர் ஓய்வு பெறுவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும். இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் ஒவ்வொரு வாரமும் லாக் புக்கில் கையொப்பம் வாங்குங்கள். வைவா முடிந்ததும் அதைப் பழைய பேப்பரில் போட்டுவிட்டவர்கள் படும் பாடு கொஞ்சமில்லை.

எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி முடித்தவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. வெளிநாட்டில் எம்.ஃபில். என்றால் ஆய்வுப் பட்டம். உங்களுடையது இரண்டு ஆண்டு முழுநேர மருத்துவமனைப் பயிற்சி என்பது பாடத்திட்டத்தையும், ஆர்.சி.ஐ. பதிவையும், அந்தப் பதிவு நல்ல நிலையில் உள்ளது என்று சொல்லும் நற்சான்றுக் கடிதத்தையும் சேர்த்து வைத்தால்தான் விளங்கும். பதிவு காலாவதியாகியிருந்தால் முதலில் புதுப்பியுங்கள்.

தொலைதூரக் கல்வியில் உளவியல் படித்தவர்களிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். கனடாவின் கல்வி மதிப்பீட்டில் அந்தப் பட்டத்துக்கு மதிப்பு கிடைக்கலாம். உரிம வாரியத்தில் மேற்பார்வைப் பயிற்சி எங்கே என்று கேட்பார்கள். அந்த இடைவெளியை நிரப்பாமல் உளவியலாளர் உரிமத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

5. பணி அனுபவக் கடிதம்

நம் ஊர் மருத்துவமனைகள் கொடுக்கும் கடிதம் இப்படித்தான் இருக்கும்: ‘இவர் எங்கள் நிறுவனத்தில் மனநல ஆலோசகராகப் பணியாற்றினார். நன்னடத்தை உடையவர். எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்.’ வாழ்த்துக்கு நன்றி. ஆனால் இந்தக் கடிதத்துக்கு ஒரு புள்ளியும் கிடைக்காது.

சேர்ந்த நாள், விலகிய நாள், பதவி, வாரத்துக்கு எத்தனை மணிநேரம், சம்பளம், செய்த பணிகள், கையொப்பமிடுபவரின் பெயர், பதவி, தொலைபேசி ஆகியவை வேண்டும். பணிகளை நடந்தபடி எழுதுங்கள்: புறநோயாளிகளுக்கு மனநிலை மதிப்பீடு, குடிநோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் தனித்தனி அமர்வு, தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்கு ஆபத்து மதிப்பீடு, வாராந்திர வழக்குக் கூட்டம், கோப்புப் பதிவு. அரசுத் தளத்தில் உள்ள பணி விவரத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டுவது பெரிய தவறு. அதிகாரிக்கு அந்த வரிகள் மனப்பாடம். படித்தவுடன் சந்தேகம் வந்துவிடும்.

சம்பளம் வங்கியில் வந்ததற்கான கணக்கு அறிக்கை, பி.எஃப். பதிவு, ஃபார்ம் 16 ஆகியவற்றில் கிடைப்பதைச் சேருங்கள். சிறிய கிளினிக்குகளில் கையில் பணமாகக் கொடுப்பார்கள். இன்னும் அங்கே வேலை பார்க்கிறீர்கள் என்றால் இந்த மாதமே வங்கி வழியாகக் கேளுங்கள். வேலை பார்க்காத இடத்தில் பார்த்ததாகக் கடிதம் தயாரித்துத் தருகிறோம் என்று சொல்பவர்களிடம் ஒருபோதும் போகாதீர்கள். பொய்த் தகவல் பிடிபட்டால் கனடா ஐந்து ஆண்டுகளும் ஆஸ்திரேலியா மூன்று ஆண்டுகளும் கதவை மூடிவிடும்.

6. ஆங்கிலத் தேர்வை இப்போது எழுதுங்கள்

கனடாவுக்குத் தேர்வு முடிவு இரண்டு ஆண்டுதான் செல்லும். ஆஸ்திரேலிய விசாவுக்கு மூன்று ஆண்டு. முதலிலேயே எழுதி வைத்துவிட்டு டிரான்ஸ்கிரிப்டுக்கு அலைந்தால், கோப்பு தயாராகும் வேளையில் மதிப்பெண் காலாவதியாகும். மறுபடி கட்டணம், மறுபடி தேர்வு.

எந்தத் தேர்வு என்பதில் கவனம் தேவை. கனடாவின் குடிவரவுக்கு ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் வேண்டும், அகாடமிக் ஏற்கப்படாது. உரிம வாரியங்களோ பெரும்பாலும் அகாடமிக் அல்லது சுகாதாரத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி கேட்கின்றன. ஆஸ்திரேலிய விசாவுக்கு இரண்டும் செல்லும் என்பதால், அங்கே போகிறவர்கள் வாரியம் ஏற்கும் தேர்வையே எழுதினால் ஒரே செலவில் முடியும்.

கனடாவுக்குக் குறைந்தபட்சம் நான்கு திறனிலும் 6.0. அதோடு நிற்காதீர்கள். கேட்டலில் 8, மற்ற மூன்றில் 7 வந்தால் மொழிக்கான புள்ளிகளோடு கல்வி, அனுபவம் ஆகியவற்றுடன் சேர்ந்து வரும் கூடுதல் புள்ளிகளும் ஏறும். செலவழிக்கும் உழைப்புக்கு இதைவிட அதிகப் பலன் தரும் இடம் வேறில்லை.

7. புள்ளிக் கணக்கு

ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். வயது 29, திருமணம் ஆகாதவர், பட்டம் பெற்றவர், ஐஇஎல்டிஎஸ் நான்கிலும் 7, மதிப்பீட்டில் ஏற்கப்பட்ட மூன்று ஆண்டு அனுபவம். வயதுக்கு 30, பட்டத்துக்கு 15, ஆங்கிலத்துக்கு 10, தனியாள் என்பதால் 10, அனுபவத்துக்கு 5. மொத்தம் 70. மாநிலப் பரிந்துரை 190 என்றால் 75, 491 என்றால் 85. விண்ணப்பிக்கக் குறைந்தபட்சம் 65. ஆங்கிலத்தில் எல்லாம் 8 வாங்கினால் 10க்குப் பதில் 20.

33 வயதானால் வயதுக்கான புள்ளி 25 ஆகிவிடும், 40இல் 15. அதனால் 31, 32 வயதில் இருப்பவர்கள் ‘அடுத்த வருடம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடக் கூடாது.

அனுபவத்தைக் கணக்கிடும்போது ஒரு பொறி இருக்கிறது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. எந்தத் தேதி முதல் நீங்கள் தகுதி பெற்ற தொழிலாளி என்று மதிப்பீட்டுக் கடிதம் சொல்கிறதோ அதிலிருந்து எண்ண வேண்டும். கூடுதலாகப் புள்ளி கோரி அழைப்பு வந்துவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், கட்டணமும் போய்விடும்.

கனடாவில் வேலை வாய்ப்புக் கடிதத்துக்கான கூடுதல் புள்ளிகளை 2025 மார்ச்சில் நீக்கிவிட்டார்கள். ‘புள்ளிக்காக ஆஃபர் லெட்டர்’ என்று இன்னமும் விற்கிறவர்கள் ஏமாற்றுகிறார்கள்.

8. பணம் காட்டுவது

கனடாவுக்குக் குடியேற்றச் செலவுப் பணம் காட்ட வேண்டும். குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்துத் தொகை ஆண்டுதோறும் மாறும். பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு இருக்கிறது, ஈரோட்டில் வீடு இருக்கிறது என்பதெல்லாம் இதில் சேராது. கடன் வாங்கிய பணமும் கூடாது. வங்கியில் உங்கள் பெயரில், எடுக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். வைப்புத் தொகை சரி.

வங்கிக் கடிதத்தில் கடந்த ஆறு மாதச் சராசரி இருப்பும் வரும். சீட்டுப் பணத்தை எடுத்துக் கடைசி மாதத்தில் மொத்தமாகப் போட்டால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அப்பா கொடுத்தது என்றால் திருப்பிக் கேட்கப்படாத அன்பளிப்பு என்று அவரிடம் கடிதம் வாங்கி, அவருடைய கணக்கு அறிக்கையையும் இணையுங்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பெயர் பதிவதற்கு ஆறு மாதம் முன்பே பணத்தை நகர்த்திவிடுவது நல்லது.

9. கன்சல்டன்சி வேண்டுமா?

காந்திபுரத்திலும் ஆர்.எஸ்.புரத்திலும் பலகைகளுக்குக் குறைவில்லை. கோப்பு எளிதாக இருந்தால் நீங்களே செய்யலாம். விசா மறுப்பு, நீண்ட இடைவெளி, இரண்டு நாட்டு அனுபவம் போன்ற சிக்கல் இருந்தால் ஆள் வைப்பதில் தவறில்லை. அவர் கனடாவின் குடிவரவு ஆலோசகர் கல்லூரியிலோ ஆஸ்திரேலியாவின் குடிவரவு முகவர் பதிவு அமைப்பான மாராவிலோ நியூசிலாந்தின் உரிமப் பட்டியலிலோ பதிவு பெற்றவரா என்று எண்ணைக் கேட்டு இணையத்தில் சரிபாருங்கள். விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல் உங்களிடமும் இருக்க வேண்டும். மின்னஞ்சல் முகவரி உங்களுடையதாக இருக்க வேண்டும். இவற்றுக்கு ஒப்புக்கொள்ளாத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள். செவிலியராக வேலை வாய்ப்பின் வழியே போக விரும்புவோர், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளையும் பார்த்துவாருங்கள்.

10. அழைப்பு வந்த பிறகு

கனடா, ஆஸ்திரேலியா இரண்டிலும் அழைப்புக்குப் பின் விண்ணப்பிக்க 60 நாள். நாள் போதாமல் போவது பெரும்பாலும் போலீஸ் சான்றால்தான். பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக விண்ணப்பித்தபின் உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் விசாரணை நடக்கும்; பாஸ்போர்ட் முகவரியும் இப்போது வசிக்கும் முகவரியும் வேறாக இருந்தால் தாமதமாகும். வளைகுடாவிலோ பிரிட்டனிலோ வேலை பார்த்தவர்கள் அந்த நாட்டுச் சான்றுக்கு அழைப்பு வரும் முன்பே முயற்சியைத் தொடங்குங்கள். பத்து ஆண்டுகளுக்குள் கனடாவுக்கு ஆறு மாதம், ஆஸ்திரேலியாவுக்குப் பன்னிரண்டு மாதம் வாழ்ந்த நாடெல்லாம் கணக்கில் வரும்.

மருத்துவப் பரிசோதனையை அந்த நாடு அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டுமே செய்ய வேண்டும். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் 2025 ஆகஸ்ட் முதல் விண்ணப்பத்தோடு சேர்த்தே பரிசோதனைச் சான்றையும் கொடுக்க வேண்டும் என்பதால், அழைப்பு வந்த வாரத்திலேயே நேரம் வாங்கிவிடுங்கள்.

விசா வந்ததும் டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒரு வேலை மிச்சம் இருக்கும். கல்லூரித் துறைத் தலைவர், மேற்பார்வையாளர், கடைசியாக வேலை பார்த்த மருத்துவமனை நிர்வாகி ஆகியோரின் தற்போதைய மின்னஞ்சல் முகவரிகளை உறுதிசெய்து வாங்கிக்கொள்ளுங்கள். உரிம வாரியம் அவர்களுக்கு நேரடியாக எழுதும். பதில் வராவிட்டால் உங்கள் கோப்பு அங்கேயே நிற்கும். இந்தியப் பதிவையும் காலாவதியாக விடாதீர்கள். நற்சான்றுக் கடிதத்தை வாரியம் இங்கிருந்துதான் கேட்கும்.